தெற்கை மேலே வைத்து மாட்டிய அரெசிபோ

எங்கள் வீட்டு ஹாலில் 90 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு செயற்கைக்கோள் படம் மாட்டியிருக்கிறேன். போர்ட்டோ ரீக்கோ தீவின் வடக்குப் பகுதி அது. படம் முழுக்க அடர்பச்சை. அதில் நெருக்கி நெருக்கி எழும்பிய சுண்ணாம்புக்கல் குன்றுகள், நடுநடுவே இருண்ட பள்ளங்கள். அந்தப் பள்ளங்களில் ஒன்றில் மட்டும் 3 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வெளிர் வட்டம். அதுதான் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கிண்ணம். நிஜத்தில் 305 மீட்டர் விட்டம். 1963-இல் திறந்ததிலிருந்து 2016-இல் சீனா தன் 500 மீட்டர் தொலைநோக்கியைக் கட்டி முடிக்கும்வரை, ஒற்றைக் கிண்ணத் தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: இவ்வளவு பெரிய படத்தில் முக்கியமானதை ஏன் இத்தனூண்டு வைத்திருக்கிறாய்?

இந்த மாதிரித் தொலைநோக்கியில் பாதி வேலையை நிலம்தான் செய்கிறது, அதனால்தான். அரெசிபோவின் கிண்ணம் திரும்பியதில்லை, அசைந்ததில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கார்டன் முதலில் இதைத் திட்டமிட்டது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தை ரேடார் மூலம் ஆராய்வதற்கு. அவ்வளவு பெரிய கிண்ணத்தைச் சமதரையில் தோண்டி எடுக்க யாராலும் முடியாது. சுண்ணாம்புக்கல் கரைந்து தானாக உண்டான பள்ளம் அங்கே இருந்தது. அந்த மண்ணில் மழைநீர் தேங்காமல் நிலத்தடிக்கு வடிந்துவிடும். சுற்றியுள்ள குன்றுகள் வெளி ரேடியோ இரைச்சலைக் கொஞ்சம் மறைக்கும். 18 டிகிரி அட்சரேகை என்பதால் கோள்கள் ஏறக்குறைய தலைக்கு மேலே கடந்து போகும். இத்தனையும் ஒரே இடத்தில் அமைந்ததால்தான் அது அங்கே வந்தது. நான் பார்த்த போஸ்டர்களில் பெரும்பாலானவை கிண்ணத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் முழுக்க நிரப்பியிருந்தன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது போய்விடும்.

சரி, இன்னொரு காரணமும் உண்டு. கணக்கு.

இலவசமாகவும் சட்டச் சிக்கல் இல்லாமலும் கிடைப்பதில் சிறந்தது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டர். அப்படியானால் அரெசிபோ மொத்தமே குறுக்கே 30 பிக்சல்தான். அதைப் போய் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கலான ஒரு திட்டுதான் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கும் 30 சென்டிமீட்டர் துல்லியப் படம் என்றால் கிண்ணம் ஆயிரம் பிக்சல் வரும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்துக்கொண்டால், கிண்ணத்தைச் சுமார் 17 சென்டிமீட்டர் வரை கூர்மையாக அச்சடிக்கலாம். அதற்கு மேல் அதுவும் மங்கும். விற்பவர்கள் தொலைநோக்கி இருக்கும் துண்டை மட்டும் வெட்டித் தரமாட்டார்கள், குறைந்தபட்சம் இவ்வளவு பரப்பு என்று வாங்க வேண்டியிருக்கும். அதன் உரிமத்தில் வீட்டுச் சுவருக்கு அனுமதி இருக்கலாம், விற்பதற்கு இருக்காது. வாங்குவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். கூகுள் எர்த்திலிருந்து திரையைப் படம் பிடித்து அச்சடிக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஓரத்தில் இருக்கும் உரிமையாளர் பெயரை வெட்டக் கூடாது. அச்சடித்து விற்கவும் கூடாது.

நான் எடுத்துக்கொண்டது 1:10,000 என்ற அளவுகோல். 10 மீட்டர் என்பது படத்தில் 1 மில்லிமீட்டர், அதாவது ஒரு பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். 90-க்கு 60 சென்டிமீட்டர் படத்தில் 9 கிலோமீட்டருக்கு 6 கிலோமீட்டர் நிலம் அடங்கும். மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஒரு மில்லிமீட்டர் புள்ளி கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, படம் கூர்மையாகவே இருக்கும். எங்கள் ஹாலில் எதிர்ச்சுவரோரம் நாற்காலி போட்டால் கிட்டத்தட்ட அந்தத் தூரம். எனவே படத்தின் அளவை முடிவு செய்யும் முன் டேப்பை எடுத்து, எங்கிருந்து பார்ப்போம் என்பதை அளந்துவிடுங்கள். கடையில் சொல்லும் புள்ளிக் கணக்கைவிட அந்தத் தூரம்தான் முக்கியம்.

மங்கலைச் சரிசெய்ய செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. இந்த வேலைக்கு அவற்றைத் தொடாதீர்கள் என்பேன். முகத்துக்கு அவை சரியாக இருக்கலாம். 30 பிக்சல் கிண்ணத்தைக் கொடுத்தால் இல்லாத தகடுகளையும் இல்லாத கோடுகளையும் தானே வரைந்து கொடுக்கும். அரெசிபோவில் உண்மையில் 38,778 அலுமினியத் தகடுகள் இருந்தன. கணினி கற்பனையில் வரைந்த தகடுகளை அதன் பெயரில் சுவரில் மாட்ட எனக்கு மனம் வராது. பிக்சல் தெரிந்தால் தெரியட்டும். செயற்கைக்கோள் கண்டது அவ்வளவுதான்.

இந்த 10 மீட்டர் படத்தையே மிகக் கூர்மையாக அச்சடிக்கக்கூடிய ஒரு தொலைநோக்கி உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் அகஸ்டின் சமவெளியில் இருக்கும் விஎல்ஏ (வெரி லார்ஜ் அர்ரே). 25 மீட்டர் விட்டமுள்ள 27 ஆன்டெனாக்கள், ஆங்கில ஒய் எழுத்து வடிவில் மூன்று கைகளாக ஓடும் தண்டவாளங்களின் மேல் நிற்கின்றன. நீண்ட இரு கைகள் தலா 21 கிலோமீட்டர், வடக்குக் கை சுமார் 19. இதையும் 1:10,000-இல் போட்டால் ஒரு கை மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல் வரும், எந்த வீட்டுச் சுவரும் தாங்காது. 1:60,000-இல் போட்டால் மொத்தமும் சுமார் 60 சென்டிமீட்டர் அகலத்தில் அடங்கிவிடும், அச்சின் கூர்மையும் அங்குலத்துக்கு 150 புள்ளி வந்துவிடும். ஆன்டெனாக்களை ரயில்போலத் தண்டவாளத்தில் நகர்த்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். சில காலம் 36 கிலோமீட்டர் வரை விரிந்திருக்கும், சில காலம் ஒரே கிலோமீட்டருக்குள் குவிந்திருக்கும். எந்த அமைப்பு எப்போது என்ற அட்டவணையை அவர்களே வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் படத்தின் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேயும் நிலம்தான் காரணம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே உள்ள வறண்ட சமவெளி, சுற்றிலும் மலைகள் அரணாக. மலைவிளிம்பும் தெரியும்படி படத்தை வெட்டினால் அது அங்கே ஏன் இருக்கிறது என்பது சொல்லாமலே புரியும். அமெரிக்க நிலப்பரப்புக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. அந்த நாட்டு விவசாயத் துறை விமானத்திலிருந்து எடுக்கும் ஒரு மீட்டரும் அதைவிடத் துல்லியமுமான படங்கள் பொதுச் சொத்து, யாரும் இறக்கிக்கொள்ளலாம். சாட்டிலைட் படம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் நிறைய உண்மையில் இப்படி விமானத்தில் எடுத்ததுதான்.

இப்போது தலைப்பில் சொன்ன தெற்கு.

அரெசிபோ படத்தை முதலில் வழக்கம்போல வடக்கு மேலே இருக்கும்படி திரையில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளத்துல இருக்குன்னு சொன்னியேடா, கவுத்து வச்ச வாணலி மாதிரில்ல மேல எழும்பி நிக்குது?" என்றார்கள். நான் மறுபடி பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. கிண்ணம் மட்டுமல்ல, குன்றுகள் எல்லாம் பள்ளங்களாகவும் பள்ளங்கள் எல்லாம் குன்றுகளாகவும் தெரிந்தன. ஒருமுறை அப்படித் தெரிந்துவிட்டால் கண் விடுவதே இல்லை.

காரணம் எளிது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பிறந்தது முதல் பழகியிருக்கிறது. சென்டினல்-2 ஓர் இடத்தைக் கடப்பது உள்ளூர் நேரப்படி காலை பத்தரை மணியை ஒட்டி. வட அரைக்கோளத்தில் அப்போது வெயில் பொதுவாகத் தென்கிழக்கிலிருந்து வரும். வடக்கை மேலே வைத்தால் அது படத்தின் கீழ் வலது மூலை. கிண்ணத்தின் வடமேற்கு உள்சுவரில் வெயில் படும், தென்கிழக்கு உள்சுவர் நிழலில் இருக்கும். படத்தில் மேல் இடது பக்கம் வெளிச்சமும் கீழ் வலது பக்கம் இருட்டும் இருந்தால், மேலிருந்து ஒளி விழும் ஒரு மேடு என்றுதான் மூளை கணக்குப் போடும். 51 மீட்டர் ஆழமான குழி குவிமாடம் ஆகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு படத்தை 180 டிகிரி திருப்பிவிடுவது. அவ்வளவுதான். தெற்கு மேலே, வடக்கு கீழே. திருப்பிய நொடியே வட்டம் குழிந்துவிட்டது, குன்றுகள் எழுந்து நின்றன. நிலப்படம் வரைபவர்கள் மலைக்கு நிழல் போடும்போது ஒளி மேல் இடது மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். திருப்பி மாட்டினால் ஓரத்தில் சின்னதாக ஒரு வடக்கு அம்புக்குறி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஊரைத் தெரிந்தவர்கள் குழம்புவார்கள். ஆஸ்திரேலியா போலத் தென் அரைக்கோளத்தில் உள்ள தொலைநோக்கி என்றால் வெயில் வடக்கிலிருந்து வரும், வழக்கமான வடக்கு மேலே போதும். விஎல்ஏ மாதிரி சமதரையில் இருப்பதற்கும் இந்தக் கவலை இல்லை. எப்படி இருந்தாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன், விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டி "இது மேடா பள்ளமா?" என்று கேளுங்கள். தெரிந்தவர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்கள் கண்ணை அறிவு ஏமாற்றிவிடும்.

நிழல் இவ்வளவு முக்கியம் என்பதால் மாதமும் முக்கியம். அரெசிபோவுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையிலான படங்களைத் தேடுங்கள். வெயில் சாய்ந்திருக்கும், நிழல் நீளும், அந்தத் தீவில் மழை குறைந்த காலமும் அதுவே. ஜூனில் சூரியன் உச்சிக்கு அருகே வந்துவிடுவதால் குன்றுகளெல்லாம் தட்டையாகிப் பச்சைத் துணி விரித்தது போல ஆகிவிடும்.

மேகம்தான் பெரிய சோதனை. சென்டினல் படங்களைத் தேடி இறக்கும் இணையதளமான கோப்பர்நிகஸ் பிரவுசரில் மேகச் சதவீதத்தை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது. அதை மிகக் குறைவாக வைத்துவிடாதீர்கள். அந்தச் சதவீதம் 100 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள முழுத் துண்டுக்கானது. 60 சதவீதம் மேகம் என்று போட்டிருக்கும் நாளில்கூட நமக்கு வேண்டிய அந்த ஒரு பள்ளத்தின் மேல் வானம் திறந்திருக்கலாம். சின்ன உருவப்படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் போவதுதான் வழி. முன்பு சொன்ன சீனாவின் 500 மீட்டர் தொலைநோக்கியான ஃபாஸ்ட்டுக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். அது இருக்கும் குய்சோ மாகாணத்தைப் பற்றிச் சீனாவில் ஒரு சொலவடையே உண்டு: மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் கிடையாது, மூன்றடி சேர்ந்தாற்போல் சமதரை கிடையாது. அந்த இரண்டாவது பாதிதான் தொலைநோக்கியை அங்கே கொண்டுவந்தது, அங்கேயும் சுண்ணாம்புக்கல் பள்ளம்தான். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டில்லை, அது மூடிய வானத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும். படம் எடுக்க நினைக்கும் நமக்குத்தான் காத்திருப்பு.

இறக்கும்போது எல்2ஏ என்று குறித்த தரவை எடுங்கள். காற்றின் நீலப் புகைமூட்டம் அதில் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். 16 பிட் டிஃப் கோப்பாகவே இறக்கி, கியூஜிஐஎஸ் (QGIS) போன்ற இலவச நிலப்பட மென்பொருளில் வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகு கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள்.

அச்சுக் கடை பற்றிக் கொஞ்சம். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போக வேண்டாம், கல்யாண ஆல்பம் அடிக்கிற லேப் நல்லது. ஆனால் அங்கே எல்லாப் படத்துக்கும் பழக்கத்தில் கலர் கரெக்‌ஷன் போட்டுவிடுவார்கள். அது மனிதத் தோலை நினைத்துச் செய்யும் திருத்தம். என் படத்தைப் பார்த்த கடைத் தம்பி, "சார், இதுல முகமே இல்லையே, எதை வச்சு கலர் பாக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படத்தில் ஒரு தார்ச்சாலை இருந்தது. "இந்த ரோடு சாம்பலா இருக்கா பாருங்க தம்பி. இது சாம்பலா வந்தா எல்லாம் சரியா வந்த மாதிரி" என்றேன். அதையே பிடித்துக்கொண்டு அருமையாக அடித்துக் கொடுத்தார். காட்டுப்பச்சை திரையில் பளிச்சென்று இருக்கும், தாளில் கறுப்பாக இறங்கிவிடும். அதனால் இருண்ட பகுதிகளை மட்டும் திரையில் கொஞ்சம் வெளிறித் தெரியும் அளவுக்குத் தூக்கிவிட்டு, முதலில் ஏ4 அளவில் ஒரு துண்டை அடித்து, மாட்டப்போகும் சுவரிலேயே பகலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பாருங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். இருட்டான படத்தில் ஜன்னலும் ஃபேனும்தான் தெரியும். மேட் தாள், பிக்மென்ட் மை. பிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் புஷ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

ஹாலில் உள்ள அந்தப் படம் அரெசிபோ நன்றாக இருந்த காலத்தது. அதன் பக்கத்திலேயே அதே அளவில், அதே திசையில், அதே பருவத்தில் எடுத்த இன்னொன்றையும் மாட்டியிருக்கிறேன். விழுந்த பிறகு எடுத்தது.

கிண்ணத்துக்கு மேலே கருவிகள் இருந்த மேடை ஒன்று கேபிள்களில் தொங்கிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று ஒரு துணைக் கேபிள் அதன் பிடியிலிருந்து நழுவி விழுந்து, கிண்ணத்தில் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குக் கிழித்தது. செயற்கைக்கோள் கணக்கில் அது வெறும் மூன்று பிக்சல். நவம்பர் 6 அன்று ஒரு முதன்மைக் கேபிள் அறுந்தது. இனிப் பழுதுபார்க்கப் போவது ஆட்களுக்கு ஆபத்து, பாதுகாப்பாகப் பிரித்துவிடலாம் என்று நவம்பர் 19 அன்று அறிவித்தார்கள். பிரிப்பதற்குள் டிசம்பர் 1 காலையில் அந்த 900 டன் மேடை, ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்திலிருந்து கிண்ணத்தின் மேலேயே விழுந்தது. விஞ்ஞானிகள் ஹல்ஸும் டெய்லரும் 1974-இல் இரட்டைத் துடிவிண்மீனை, அதாவது இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் பல்சரைக் கண்டுபிடித்து, பின்னர் 1993-இல் நோபல் பரிசு பெற்றது இந்தக் கருவியைக் கொண்டுதான். சூரியன் அல்லாத ஒரு விண்மீனைச் சுற்றும் கோள்கள் முதன்முதலாக உறுதியானதும் இதன் தரவில்தான், 1992-இல்.

விழுந்த படத்தை வீட்டில் மாட்டலாமா என்று சிலர் தயங்குவார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுமை. தனியாகப் பார்த்தால் இரண்டாவது படம் ஒரு வட்டத்தில் கொஞ்சம் கறை போலத்தான் இருக்கும். முதலாவதன் பக்கத்தில் வைக்கும்போதுதான் குன்றுகள் ஒன்றுகூட மாறாமல் அப்படியே இருப்பதும், நடுவில் மட்டும் 57 ஆண்டு உழைப்பு போய்விட்டதும் கண்ணில் படும். இப்படி ஜோடியாக மாட்டுவதாக இருந்தால் இரண்டு படத்துக்கும் ஒரே வெளிச்ச அளவை வையுங்கள். தனித்தனியாக அழகுபடுத்தினால் ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, அளவுகோல், அப்புறம் மாற்றியமைக்கப்பட்ட கோப்பர்நிகஸ் சென்டினல் தரவு என்ற வரியும் ஆண்டும் இருக்கட்டும். அந்த வரி உரிம நிபந்தனை, விருப்பம் அல்ல.

நம் ஊட்டியைக் கேட்பீர்கள். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் முழுக்க இங்கேயே கட்டியது. செயற்கைக்கோள் படத்தில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதன் பிரதிபலிக்கும் பரப்பு நீளவாக்கில் ஓடும் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்; விண்ணிலிருந்து அவை தெரியவே தெரியாது. துல்லியமான படத்தில் அவற்றைத் தாங்கும் 24 பரவளையச் சட்டங்களின் வரிசையைத்தான் எதிர்பார்க்கலாம். 10 மீட்டர் படத்தில் மூன்று பிக்சல் தடிமனில் ஒரு கோடு, அவ்வளவே. அதைவிடப் பெரிய இழப்பு, மேலிருந்து நேராகப் பார்க்கும்போது சரிவு காணாமல் போவது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே மலையின் சரிவு சுமார் 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி என்பதற்காக. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அந்த நீள அச்சைச் சுற்றி உருட்டினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம்.

அந்தச் சரிவைப் படத்தில் கொண்டுவர நான் கண்ட வழி, அமெரிக்க விண்வெளி ஓடம் 2000-இல் ரேடாரால் அளந்த இலவச உயரத் தரவிலிருந்து 10 மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) எடுத்துப் படத்தின் மேல் போடுவது. கியூஜிஐஎஸ்ஸில் சில நிமிட வேலை. வடக்கு முனை தெற்கு முனையைவிடச் சுமார் 100 மீட்டர் உயரம் என்பதால், தொலைநோக்கியின் குறுக்கே ஏறக்குறைய பத்துக் கோடுகள் ஏணிப்படி போல வரிசையாகக் கடக்கும். கோடுகளை வெளிர் மஞ்சளில், 0.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் வையுங்கள். 1:10,000-இல் தொலைநோக்கியே 3 மில்லிமீட்டர் அகலம்தான். கோடு தடித்தால் அதை மூடிவிடும்.